புதுப்பித்தபின் பழுதான உலாவி: காரணம் காணும் வழி

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சைவத்தையும் தமிழையும் பேணும் ஒரு சங்கத்தின் மேடையிலே கணினியிலுள்ள இணைய உலாவியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். பொருத்தமே என்பது எமது துணிபு. கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு மடல் எழுதுவதும், பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதும், வங்கிக் கணக்கை நோக்குவதும், 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துப் பழைய நூலொன்றைத் தேடி வாசிப்பதும் இன்று பெரும்பாலும் இந்த ஒரு வாயில் வழியாகவே நிகழ்கின்றன. அந்த வாயில் ஒரு நாள் திறக்க மறுத்தால் வீட்டிலுள்ளோர் திகைப்பது இயல்பே.

நம் இளைஞர் எவரும் இந்த முறைப்பாட்டைக் கேட்டிருப்பர்: “தம்பி, நேற்று மட்டும் நல்லாய்த்தான் இருந்தது. அப்டேற் எண்டு ஏதோ வந்தது. அதுக்குப் பிறகு ஒண்டும் ஒழுங்காய்த் திறக்குதில்லை. பழையபடி ஆக்கித் தா மோனை.” இந்தச் சிறு பேச்சிலே மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. உலாவி சரிவர இயங்கவில்லை என்பது கண்ணாற் கண்டது. புதுப்பித்ததனாலேதான் இப்படி ஆயிற்று என்பது ஊகித்தது. பழையபடி ஆக்கு என்பது மருந்து. கண்டதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஊகத்தைச் சோதியாது மருந்து கொடுப்பதே ஆகாதது. இன்று நாம் சொல்ல வந்த பொருள் இதுவே.

முதலில், உலாவியை அடிக்கடி புதுப்பிப்பது எதற்காக? பொழுதுபோகாத பொறியியலாளர் செய்யும் வேலை என்று எண்ணற்க. உலாவி என்பது முன்பின் அறியாத இலட்சக்கணக்கான இடங்களிலிருந்து வருவனவற்றை நம் வீட்டுக்குள் எடுத்து வைக்கும் வேலையாள். அவன் கண்ணிலே ஓர் ஓட்டை இருப்பின் கள்வன் அதனூடே புகுவான். 2010 ஜனவரி 12ஆந் திகதி, தன் கணினிகளுள் அந்நியர் புகுந்தனர் என்று கூகிள் நிறுவனமே உலகுக்கு அறிவித்தது. அத்தாக்குதலுக்குப் பயன்பட்டது இன்ரநெற் எக்ஸ்புளோரர் உலாவியில் இருந்த ஓட்டை. 2001இல் வெளிவந்த அதன் 6ஆம் பதிப்பைப் பலர் அப்பொழுதும் விடாது வைத்திருந்தனர். மைக்ரோசொப்ற் நிறுவனம் அதே மாதம் 21ஆந் திகதி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. இத்தகைய அனுபவங்களின் பின் புதுப்பிப்பின் வேகம் கூடியது. 2020இல் பயர்பொக்ஸும் 2021இல் குரோமும் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்னும் முறைக்கு வந்தன. ஆகவே பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்வது, பூட்டுக் கொஞ்சம் இறுகியது என்று கதவையே கழற்றி வைப்பதை ஒக்கும்.

இனி, ஊகத்துக்கு வருவோம். மாதந்தோறும் புதுப்பிப்பு வருமாயின், எந்தப் பழுது எந்த நாளிலே நேர்ந்தாலும் அதற்குச் சற்று முன்னே ஒரு புதுப்பிப்பு நிகழ்ந்திருக்கும். பனைமரங்களுக்கு இடையே வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மூர்ப் பழமொழி. வடமொழியார் இதையே காகதாலீய நியாயம் என்பர். பழம் விழுந்தது மெய். காகம் இருந்ததும் மெய். காகம்தான் விழுத்தியது என்பது மட்டும் ஆராயப்பட வேண்டியது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பயர்பொக்ஸ் உலாவியின் 96ஆம் பதிப்பு 2022 ஜனவரி 11ஆந் திகதி வெளிவந்தது. இரண்டு நாள் கழித்து, 13ஆந் திகதி, உலகெங்கும் பயர்பொக்ஸ் எந்தப் பக்கத்தையும் திறவாது நின்றுவிட்டது. புதிய பதிப்பே குற்றவாளி என்றுதானே எவர்க்கும் தோன்றும்? உலாவியை ஆக்கும் மொசில்லா அமைப்பு ஆராய்ந்தபோது வேறொன்று வெளிப்பட்டது. கூகிளின் முகிற் சேவையகங்களிலே ஓர் அமைப்பு மாற்றப்பட்டு, எச்.ரி.ரி.பி. 3 என்னும் புதிய தொடர்பு முறை அங்கே இயங்கத் தொடங்கியிருந்தது. பயர்பொக்ஸ் தன் இயக்கம் பற்றிய தகவலை அந்தச் சேவையகங்களுக்கு அனுப்புவது வழக்கம். அனுப்பும் பொதியின் நீளத்தைக் குறிக்கும் தலைப்பை, ஆங்கிலப் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடு பார்த்துத் தேடிய ஒரு பிழை உலாவியினுள்ளே மறைந்து கிடந்தது. எழுத்து மாறியிருந்தமையால் தலைப்பு அகப்படவில்லை. உலாவி முடிவில்லாத சுழலிலே சிக்கிக்கொண்டது. காகம் புதுப்பிப்பு, பழத்தை விழுத்தியது எங்கோ வீசிய காற்று.

இவ்வாறாயின் காரணத்தை நாம் எப்படித் துணிவது? நம் முன்னோர் வழி காட்டியிருக்கிறார்கள். சிவஞான முனிவர் தமிழாக்கித் தந்த தருக்கசங்கிரகத்தைக் கற்றோர் அன்வயம், வெதிரேகம் என்னும் இரண்டையும் அறிவர். புகை உள்ள இடத்திலே நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களை காட்டு. நெருப்பு இல்லாத இடத்திலே புகையும் இல்லை என்பதற்கு நீர் நிறைந்த மடு காட்டு. ஒன்று உள்ளபோது மற்றதும் உண்டு. ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லை. இவ்விரண்டும் கண்ட பின்னரே தொடர்பைத் துணியலாம். உலாவியைச் சோதிப்பதும் இம்முறையேதான்: ஒன்றை மட்டும் நீக்கிப் பார், பழுது போயிற்றா? திரும்பச் சேர்த்துப் பார், பழுது திரும்பியதா? இரண்டு மூன்றை ஒருமிக்க மாற்றினால், பழுது தீர்ந்தாலும் காரணம் தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது வந்து வாயிலில் நிற்கும்.

ஒழுங்கைச் சொல்லுவோம். சகோதரர்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, குறிப்பு எழுதுக. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, திரையிலே வந்த சொற்கள் எவை, உலாவியின் பதிப்பு எண் எது என்பன போதும். பதிப்பு எண் உதவிப் பட்டியலிலே ‘பற்றி’ என்ற இடத்தில் இருக்கும். “வேலை செய்யவில்லை” என்பது குறிப்பு அன்று. வைத்தியரிடம் போய் “சுகமில்லை” என்று மாத்திரம் சொல்வதைப் போன்றது.

இரண்டாவது, பழுதின் எல்லையைக் காண்க. அந்த ஒரு பக்கம் மட்டுமா, எல்லாப் பக்கங்களுமா? அதே கணினியில் வேறு உலாவியில் திறக்கிறதா? அதே வீட்டு இணைப்பில் கைத்தொலைபேசியில் திறக்கிறதா? எங்கும் திறக்கவில்லையெனில் உலாவியைக் குற்றஞ் சொல்ல இடமில்லை. இணைப்பையோ அந்தத் தளத்தையோ பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களும் ‘சான்றிதழ் செல்லாது’ என்று மறுத்தால், முதலில் கணினியின் கடிகாரத்தைப் பார்க்க. பல நாள் மூடிக்கிடந்த பழைய கணினியின் உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று தீர்ந்திருக்கும். திகதி பல ஆண்டு பின்னே போயிருக்கும். சான்றிதழுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டாதலால், திகதி பிழைத்தால் உலாவி எல்லாரையும் சந்தேகிக்கும். சிறு தொகைக்கு ஒரு மின்கலம் வாங்கினாற் போதும்.

மூன்றாவது, பழைய எச்சங்களை விலக்கிப் பார்க்க. ஒருமுறை பார்த்த பக்கத்தின் உறுப்புகளை உலாவி தன் இடைச்சேமிப்பிலே வைத்துக்கொள்ளும். சட்டை பழையதும் வேட்டி புதியதுமாக அவை கலந்தால் பக்கம் கோணலாகத் தோன்றும். கன்ட்ரோல், ஷிப்ற், ஆர் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் பக்கம் புதிதாக எடுக்கப்படும். பின்னர் மறைநிலைச் சாளரம் ஒன்றிலே அதே பக்கத்தைத் திறக்க. அங்கே முந்திய குக்கிகள் இல்லை. துணைநிரல்களும், நாம் வேண்டுமென்று அனுமதித்தாலன்றி, இயங்கா. அங்கே ஒழுங்காகத் திறந்தால், குற்றம் அவ்விரண்டில் ஒன்றிலே என்பது ஏறக்குறையத் தெளிவாகும்.

நான்காவது, துணைநிரல்களைச் சோதிக்க. பயர்பொக்ஸில் இதற்கென்றே சிக்கல் தீர்க்கும் முறை ஒன்று உதவிப் பட்டியலில் உண்டு. அதில் துணைநிரல்கள் எல்லாம் தற்காலிகமாக உறங்கும். குற்றவாளி அவற்றுள் ஒன்றெனத் தெரிந்தால் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியதில்லை. பதினாறு இருப்பின் எட்டை நிறுத்துக. பழுது எப்பக்கம் நிற்கிறதோ அப்பக்கத்தை மீண்டும் பாதியாக்குக. நான்கே சோதனையில் ஒன்று அகப்படும். இவ்வளவும் செய்தும் தீராவிடின், நினைவுக்குறிகளைச் சேமித்துவிட்டுப் புதிய பயனர் கணக்கொன்று உலாவியினுள்ளே தொடங்கிப் பார்க்க. அங்கேயும் பழுது இருந்தால் மட்டுமே, புதிய பதிப்பின் மேல் ஐயங் கொள்ள நமக்கு உரிமை உண்டு.

துணைநிரல்களைப் பற்றி இரண்டு செய்தி சொல்ல வேண்டும். ஒன்று காகமே பழத்தை விழுத்திய கதை, மற்றது விழுத்தாத கதை. 2017 நவம்பர் 14ஆந் திகதி வெளிவந்த பயர்பொக்ஸ் 57ஆம் பதிப்பு, பழைய முறையில் எழுதப்பட்ட துணைநிரல்கள் அனைத்தையும் நிறுத்தியது. பலருடைய அன்றாடக் கருவிகள் ஒரே நாளில் மறைந்தன. அங்கே காரணம் புதுப்பிப்பேதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு மருந்து புதிய முறையில் எழுதப்பட்ட மாற்றுத் துணைநிரலைத் தேடுவது. 2019 மே 4ஆந் திகதியும் பயர்பொக்ஸின் துணைநிரல்கள் உலகெங்கும் செயலிழந்தன. ஆனால் அன்று எவரும் எதையும் புதுப்பிக்கவில்லை. துணைநிரல்களுக்கு ஒப்பமிடும் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்திருந்தது. அதற்கு மருந்து, மறுநாள் வந்த 66.0.4 என்னும் புதுப்பிப்பு. ஒரே நோய்க்குறி, காரணங்கள் வெவ்வேறு, மருந்துகளும் வெவ்வேறு. நோய்க்குறியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தல் ஆகாதென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இங்கே பெரியோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலாவி தடுமாறும் வேளையிலே, “உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்திப் புதுப்பிக்க” என்று ஒரு பக்கம் திரையிலே தோன்றலாம். அல்லது ஒரு தொலைபேசி இலக்கம் தோன்றி, கணினி நிறுவனத்தின் அலுவலர் பேசுவதாகச் சொல்லலாம். இரண்டும் வஞ்சகம். உண்மையான புதுப்பிப்பு உலாவியின் சொந்தப் பட்டியலுக்குள்ளிருந்தே வரும். வழியிலே எதிர்ப்படும் பக்கத்திலிருந்து வராது. தெரியாதவர் சொற்கேட்டுக் கணினியை அவர் கையிலே கொடுத்துவிட வேண்டாம். ஒரு நாள் பொறுத்து, நம் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இனி, தமிழர்க்கே உரிய ஒரு பழுதைப் பற்றிப் பேசுவோம். பழைய தமிழ்த் தளமொன்றைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாகக் கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். “முந்தி இது தமிழாய் இருந்தது” என்பர். அவர் சொல்வதும் மெய். காரணம் இது: இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், கணினி சேமிப்பது தமிழ் எழுத்தையன்று, ஆங்கில எழுத்தையே. அந்த ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவம் ஒரு வேடமாகப் போர்த்தப்படுகிறது. வேடம் இருக்கும்வரை தமிழ், கழன்றால் ஆங்கிலம்.

1997ஆம் ஆண்டளவில் நெற்ஸ்கேப் 4ஆம் பதிப்பும் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 4ஆம் பதிப்பும் இந்த வேடத்தைப் பக்கத்தோடு சேர்த்தனுப்பும் வசதியை, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு வேறு வழிகளிலே தந்தன. தமிழ்த் தளங்கள் பல அவற்றை நம்பின. 2000ஆம் ஆண்டில் வந்த நெற்ஸ்கேப் 6ஆம் பதிப்பு தன் வழியைக் கைவிட்டது. இன்ரநெற் எக்ஸ்புளோரரின் வழியை, 2015இல் அதன் இடத்துக்கு வந்த எட்ஜ் ஏற்கவில்லை. இடைக்காலத்தில், பத்மா என்னும் பயர்பொக்ஸ் துணைநிரல் இத்தகைய பக்கங்களை யுனிகோடாக மாற்றிக் காட்டி உதவியது. ஊன்றுகோல் எவ்வளவு நல்லதாயினும் காலாகாது அன்றோ?

யுனிகோடு என்பது தமிழ் எழுத்துக்குத் தனக்கே உரிய எண்களைக் கொடுத்த முறை. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எழுத்துரு எதுவாயினும் உள்ளே இருப்பது தமிழே. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று னை, லை முதலியவற்றின் வடிவை மாற்றியதை அறிவீர்கள். யுனிகோட்டில் அமைந்த ஒரே வாசகத்தைப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் காட்டலாம். எழுத்துரு உடை, எண் உயிர்.

யுனிகோட்டுக்கும் தொடக்கத்தில் இடர் இருந்தது. பயர்பொக்ஸின் 2ஆம் பதிப்பிலே, இரு ஓரமும் சமன்செய்த பந்திகளில் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகத் தமிழ் சிதறியது. 2008 ஜூன் 17ஆந் திகதி வந்த 3ஆம் பதிப்பிலே அது தீர்ந்தது. பழையதே போதும் என்று இருந்தவருக்குச் சிதறிய தமிழே மிஞ்சியது. புதுப்பிப்பு நோய் மட்டுமன்று. பல வேளை மருந்தும் அதுவே.

சபையோரே, இந்த இடத்திலேதான் நம் சங்கத்துக்கு ஒரு கடமை பிறக்கின்றது. கோயில் மலர்கள், நினைவு மலர்கள், கூட்ட அறிக்கைகள், கும்பாபிடேகச் சிறப்பிதழ்கள் எத்தனையோ நம் ஊர்களில் பாமினியிலே தட்டெழுதப்பட்டு, பழைய கணினிகளிலும் இறுவட்டுகளிலும் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியிலே அவை வெறுங் குப்பையாகவே தோன்றும். உள்ளடக்கம் அறியாத ஒருவர் அழித்துவிடவும் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அந்த இழப்பு தீயாக வந்தமையால் உலகறிந்தது. இந்த இழப்பு ஓசையின்றி, கோப்புக் கோப்பாக நிகழக்கூடியது. ஆனால் இதைத் தடுப்பது நம் கையிலேயே இருக்கிறது.

பாமினியை யுனிகோடாக மாற்றும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் யந்திரம் மாற்றியதை மனிதர் ஒப்புநோக்க வேண்டும். பாமினியிலே கொம்பு மெய்க்கு முன்னே தட்டெழுதப்படும். யுனிகோட்டிலே மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும். அந்த ஒழுங்கை மாற்றி அடுக்கும்போது பிழை புகலாம். மேலும், பாமினியிலே ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றே. ஆகவே ‘கௌரி’ என்பது ககர எகரமும் ளகரமுமாக, ‘கெளரி’ என்று மாறிவிடக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்கு வேறு. நாளை ஒருவர் கௌரி விரதம் பற்றி நம் மலர் ஒன்றிலே தேடினால், உள்ளதும் இல்லை என்றே விடை வரும்.

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஏடுகளிலே மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுத்திலே தெரியாது. சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பல ஏடுகளை ஒப்புநோக்கி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அச்சிலே பிழை புகும் என்று அஞ்சி அவர் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அச்சு வந்தது என்று ஏட்டைப் பாராமல் விட்டுவிடவும் இல்லை. பழையதைக் கையில் வைத்துக்கொண்டே புதியதைச் சரிபார்த்தார். மிசன் கல்லூரியிற் கற்ற கல்வியையும் வீட்டிலே பெற்ற தமிழையும் ஒருங்கே பயன்படுத்திய அப்பெரியாரின் வழி நமக்கும் போதுமானது.

ஆகவே சபைமுன் இரண்டு வேண்டுகோள் வைக்கின்றோம். ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இளைஞர் சிலர் சங்க மண்டபத்தில் இருந்து, பெரியோர் கொண்டுவரும் கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் மேற்சொன்ன ஒழுங்கிலே சோதித்துக் கொடுப்பது. கண்டதை ஒரு கொப்பியிலே எழுதி வைப்பது. மற்றது, நம்மிடம் பாமினியில் உள்ள மலர்களை யுனிகோடாக்கி, அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்புநோக்கிச் சேமிப்பது. இந்த ஒப்புநோக்குதலுக்குக் கணினி அறிவு வேண்டியதில்லை; நல்ல தமிழும் பொறுமையும் வேண்டும். அவை எம்மினும் பெரியோரிடமே மிகுதி. விசையை நாங்கள் தட்டுகிறோம். ஐயாமாரும் அம்மாமாரும் பிழை பார்த்துத் தாருங்கள்.